மறுபடி எழுதினால் ஸ்காலர்ஷிப் கூடுமா? பெங்களூர் வீடுகளில் நடந்தவை

அல்சூர் அம்மா

போன வருஷம் ஏப்ரலுக்கு முன்னால் எங்கள் வீட்டில் தினம் ஒரு வாக்குவாதம். மகள் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில், ஜனவரியில், 96 பர்சன்டைலுக்குக் கொஞ்சம் மேலே எடுத்திருந்தாள். நாங்கள் பார்த்து வைத்திருந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒரு பட்டியல் போட்டிருந்தது: 95 தாண்டினால் டியூஷன் கட்டணத்தில் கால்வாசி தள்ளுபடி, 98 தாண்டினால் பாதி. 2019இலிருந்து மெயின் தேர்வை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எழுதலாம், இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. குறைந்தாலும் நஷ்டமில்லை. "அப்புறம் என்ன யோசனை, எழுதட்டும்" என்றார் அவள் அப்பா.

எழுதினாள். ஆனால் 96க்கும் 98க்கும் நடுவில் இரண்டே படி என்று நாங்கள்தான் பேசிக்கொண்டோம், அவள் பேசவில்லை. பர்சன்டைல் என்பது நமக்குப் பின்னால் எத்தனை பேர் என்ற கணக்கு. முன்னால் நூற்றுக்கு நாலு பேர் நிற்கிறார்கள், அதில் பாதிப் பேரைத் தாண்டினால்தான் 98. மார்ச் முழுக்க இரண்டாம் பி.யு.சி. (கர்நாடகாவின் பிளஸ் டூ) பரீட்சை வேறு. ஏப்ரலில் 97க்குப் பக்கத்தில் வந்தது. கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

அதற்குப் பிறகு என் அண்ணன் வந்து "ஒரு வருஷம் டிராப் பண்ணட்டும்" என்று ஆரம்பித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால்வாசிக்கும் பாதிக்கும் உள்ள வித்தியாசம் நாலு வருஷத்துக்குச் சேர்த்து இரண்டரை லட்சம். கோச்சிங் சென்டரில் ரிப்பீட்டர் பேட்சுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். போகவர பஸ், புத்தகம், மாக் டெஸ்ட் எல்லாம் தனி. 98 வந்தால்தான் அந்த இரண்டரை லட்சம். "அடுத்த வருஷமும் இதே பட்டியல் இருக்கும் என்று எழுதிக் கொடுப்பீர்களா?" என்று அட்மிஷன் ஆபீசில் கேட்டேன். சிரித்தார்கள். டிராப் பேச்சு அன்றோடு முடிந்தது. உங்கள் வீடுகளில் எப்படி?

மர்ஃபி டவுன் தம்பி

அக்கா, ஜே.இ.இ.யையே பார்த்துட்டு இருந்தா எப்படி? நம்ம ஊர்ல காசை மிச்சம் பிடிக்கிற பரீட்சை கே.சி.இ.டி.தான், கர்நாடகா அரசோட நுழைவுத் தேர்வு. அதுல ரேங்க் போடறப்ப பாதி சி.இ.டி. மார்க், பாதி பி.யு.சி.யில பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மார்க். பலருக்கு இந்த ரெண்டாவது பாதி ஞாபகத்துலயே இருக்காது.

என் தம்பி பி.யு.சி. எக்சாம் 1ல மேத்ஸ் 71. மத்ததெல்லாம் நல்ல மார்க். இப்பல்லாம் போர்டே வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல எக்சாம் நடத்துது, நல்லதா வந்த மார்க்கை வெச்சுக்கலாம். சி.இ.டி. முடிஞ்ச மறுநாளே அவனை எக்சாம் 2க்கு உட்கார வெச்சேன், மேத்ஸ் மட்டும். 88 வந்துச்சு. பி.யு.சி.யில 300 மார்க்தான் 50 ஆகுது, சி.இ.டி.யில 180 மார்க் 50 ஆகுது. அப்போ 17 போர்டு மார்க்குன்னா சி.இ.டி.யில பத்து கேள்வி சரியா போட்ட மாதிரி. சி.இ.டி.யில பத்து கேள்வி எக்ஸ்ட்ரா போடறதுக்கு எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு எழுதினவங்களுக்குத் தெரியும். ரேங்க் நல்லாவே முன்னால வந்துச்சு.

அப்பா ஆட்டோ ஓட்டறார். வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா எஸ்.என்.கியூ.ன்னு ஒரு கோட்டா இருக்கு, ஒவ்வொரு பிராஞ்சுலயும் 5 சதவீதம் கூடுதல் சீட்டு, டியூஷன் ஃபீஸ் கிடையாது. மத்த ஃபீஸ் கட்டணும். அதுவும் ரேங்க்படிதான். ஏழைங்களுக்கான சீட்டாச்சே, ஈஸியா கிடைக்கும்னு நினைக்காதீங்க, நல்ல காலேஜ்ல அதுக்கும் அடிதடி. தம்பிக்குக் கிடைச்சது அந்த 17 மார்க்கால. நாடகச்சேரின்னு சொல்ற வருவாய்த் துறை ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் வாங்கி, அதுல இருக்கிற ஆர்.டி. நம்பரை அப்ளிகேஷன்ல போடணும். அதை இப்பவே வாங்கி வெச்சுக்கங்க, ரிசல்ட் வந்த வாரத்துல அங்கே நிக்க இடம் இருக்காது.

எக்சாம் 2 மார்க்கை ரேங்குக்கு எடுத்துக்கறாங்களா, எந்தத் தேதிக்குள்ள ஏத்தணும்ங்கறதை சி.இ.டி. நடத்தற கே.இ.ஏ.வோட அந்தந்த வருஷ அறிவிப்புல பார்த்துக்கங்க.

ஓசூர் மாமா

எங்கள் வீடு ஓசூர். பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லை தாண்டி அத்திப்பள்ளியில்தான் படிக்கிறான். கே.சி.இ.டி. எழுத முடியாது என்கிறார்களே?

மர்ஃபி டவுன் தம்பி

யார் சொன்னது மாமா? வீடு எங்கேன்னு கேக்கறதில்லை, ஸ்கூல் எங்கேன்னுதான் கேக்கறாங்க. கர்நாடகா ஸ்கூல்ல ஏழு வருஷம் படிச்சு, எஸ்.எஸ்.எல்.சி.யோ பி.யு.சி.யோ இங்கே பாஸ் பண்ணியிருந்தா போதும். ஸ்டடி சர்ட்டிஃபிகேட் வாங்குங்க, அதுல வகுப்பு வாரியா வருஷம் இருக்கட்டும்.

ஒயிட்ஃபீல்ட் அப்பா

வேலூர் வி.ஐ.டி. பற்றி யாரும் சொல்லவில்லை, பாதி பெங்களூர் அங்கேதான் போகிறது. அவர்களின் நுழைவுத் தேர்வில் முதல் 10 ரேங்குக்கு டியூஷன் கட்டணத்தில் 75 சதவீதம், 50 வரை பாதி, 100 வரை கால்வாசி தள்ளுபடி. அதோடு சரி. என் அக்கா மகன் ரேங்க் நாலு இலக்கம். "மறுபடி எழுதினால் மூன்று இலக்கம் வரும், ஸ்காலர்ஷிப் வாங்கலாம்" என்று கோச்சிங்காரர் சொல்லியிருக்கிறார். 100க்கு உள்ளே வந்தால்தானே ஐயா ஸ்காலர்ஷிப்! 600 வந்தாலும் 1,800 வந்தாலும் அந்தத் தள்ளுபடி பூஜ்யம்தான்.

ஆனால் வேறொன்று இருக்கிறது. அங்கே ஒரே பிராஞ்சுக்கு ஐந்து கட்டணப் பிரிவுகள். ரேங்க் நன்றாக இருந்தால் முதல் பிரிவு, கட்டணம் குறைவு. பின்னால் போகப் போக ஏறும். முதலுக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளி பல ஸ்காலர்ஷிப்களைவிடப் பெரியது. கேட்ட பிராஞ்ச் ஏற்கெனவே முதல் பிரிவில் கிடைக்கிற பையன் எதற்காக மறுபடி எழுத வேண்டும்? மூன்றில் நிற்பவன் எழுதினால் அர்த்தமுண்டு. அக்கா மகன் கேட்ட பிராஞ்சே முதல் பிரிவில் கிடைத்தது, சேர்ந்துவிட்டான். கோச்சிங்காரர் இன்னும் போன் பண்ணுகிறார்.

பிலானி பிட்ஸின் தேர்வும் 2022இலிருந்து ஒரே வருஷத்தில் இரண்டு தடவை எழுதலாம், அதிக மதிப்பெண்தான் எடுப்பார்கள். என் மகன் இரண்டையும் எழுதினான். இரண்டாவதில் பயமில்லாமல் எழுதினான் என்பது தவிர சொல்ல ஒன்றுமில்லை.

இந்திராநகர் ஆன்ட்டி

நாங்கள் அமெரிக்கப் பக்கம் பார்த்தோம், அங்கே கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு. ஒரு கவுன்சலர் "1,550 வந்துவிட்டால் ஹார்வர்டில் மெரிட் ஸ்காலர்ஷிப்" என்று பையனை உசுப்பிவிட்டார். ஹார்வர்ட் உட்பட ஐவி லீக் எட்டிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் என்று ஒன்றே கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. மதிப்பெண்ணுக்குப் பணம் தருவது வேறு சில மாநிலப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும்தான், வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பல கல்லூரிகளில் சூப்பர்ஸ்கோர் எடுக்கிறார்கள்: ஒரு தேதியில் வந்த கணிதம், இன்னொரு தேதியில் வந்த ஆங்கிலம், இரண்டிலும் நல்லதைச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் பையன் இரண்டாவது முறை ஆங்கிலத்தை மட்டும் படித்தான். கட்டணம் தடவைக்கு நூறு டாலருக்கு மேல் ஆகிறது. சும்மா பார்க்கலாம் என்று எழுதுகிற பரீட்சை இல்லை.

கம்மனஹள்ளி மாணவி

நான் டிராப் எடுத்தவள், வருத்தமெல்லாம் இல்லை. ஐசரில் (மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம்) சேர வேண்டும் என்று ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தேன், கிடைத்தது. ஆனால் இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் போய்விட்டது. அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு வருஷத்துக்கு 80,000 ரூபாய், ஐந்து வருஷம் வரை. போர்டில் முதல் ஒரு சதவீதத்தில் இருந்தேன், தகுதி இருந்தது. அது அந்த வருஷமே பிளஸ் டூ முடித்துச் சேர்கிறவர்களுக்கு மட்டும். இடைவெளி விழுந்தால் மார்க் எவ்வளவு இருந்தாலும் இல்லை. நுழைவுத் தேர்வில் முன்னேறியதற்கு விலை நாலு லட்சம் என்று அப்பா இன்னும் சொல்லிக் காட்டுவார், பாதி கிண்டல், பாதி நிஜம்.

எல்லாத் திட்டமும் அப்படி இல்லை. இன்ஜினீயரிங் சேரும் பெண்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. தரும் பிரகதி ஸ்காலர்ஷிப், வருஷத்துக்கு 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். அதில் இரண்டு வருஷ இடைவெளி வரை பரவாயில்லை. என் பள்ளித் தோழியும் என்னோடு டிராப் எடுத்தாள், பிரகதி வாங்கிக்கொண்டு இன்ஜினீயரிங் படிக்கிறாள். எனவே டிராப் எடுக்கும் முன் எந்தப் பணத்துக்காக எடுக்கிறோமோ அதன் விதிமுறையில் பிளஸ் டூ தேர்ச்சி ஆண்டு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஐ.ஐ.டி. கனவு உள்ளவர்களுக்கு இன்னொன்று: ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் அடுத்தடுத்த இரண்டு வருஷம்தான் எழுத முடியும்.

கெங்கேரி அப்பா

எல்லோரும் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், வைத்துக்கொள்வதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூத்த மகளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் பாதிக் கட்டணத் தள்ளுபடி. பெயர் வேண்டாம். விளம்பரத்தில் நாலு வருஷம் என்று இருந்தது. இரண்டாம் வருஷம் போனால் "சி.ஜி.பி.ஏ. 9 வேண்டும், உங்களுக்கு 8.7" என்றார்கள். முதலில் இதைச் சொன்னார்களா? கையேட்டில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறதாம். முழுக் கட்டணம் கட்டினோம்.

இளையவள் முறை வந்தபோது மார்க்கை விடுங்கள் என்றேன். இரண்டு கல்லூரிகள். ஒன்று பெரிய தள்ளுபடி, 9க்குக் குறைந்தால் போச்சு. இன்னொன்று சின்னத் தள்ளுபடி, அரியர் இல்லாமல் இருந்தாலே தொடரும். இரண்டாவதைத்தான் எடுத்தோம். நுழைவுத் தேர்வை மறுபடி எழுதி முதல் கல்லூரியின் உச்சித் தள்ளுபடியைப் பிடிக்கலாம் என்று அவள் கேட்டாள். பிடித்த பிறகு எட்டு செமஸ்டரும் அதே ஓட்டம் ஓட வேண்டுமே.

அல்சூர் அம்மா

அண்ணா, தொடரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினீர்களா? லெட்டர்ஹெட்டில்தான் வேண்டுமா?

கெங்கேரி அப்பா

லெட்டர்ஹெட் தரமாட்டேன் என்றார்கள் அம்மா. நானே நிபந்தனையை மின்னஞ்சலில் எழுதி, "இது சரிதானா?" என்று அட்மிஷன் ஆபீசுக்கு அனுப்பினேன், "சரி" என்று பதில் வந்தது. இரண்டாம் வருஷம் அக்கவுன்ட்ஸ் கவுன்டரில் புதுப் பையன் முழுத் தொகைக்குச் சலான் போட்டான். அந்த மின்னஞ்சலைக் காட்டினதும் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.