மோர்கன் சாயலில் மூணு சக்கர கார்: 2சிவி எஞ்சினில் கட்டினால் எங்கெல்லாம் இடிக்கும்?

இங்கிலாந்தின் மால்வெர்னில் கட்டின பழைய வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) மோர்கன் மூணு சக்கர கார்களில் எஞ்சின் மூக்கில் இருக்கும், ஓட்டம் செயின் வழியாகப் பின் சக்கரத்துக்குப் போகும். சிட்ரோயன் 2சிவி என்ற பழைய பிரெஞ்சு சின்னக் காரின் பாகங்களில் கட்டும் நகலில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஓட்டம் மூன்றும் முன்னாலேயே. பின் சக்கரம் சும்மா உருளும். செயின் தொல்லை கிடையாது, ரிவர்ஸ் கியரும் இலவசம். லோமாக்ஸ் 223 இந்த வகைதான். பெயரே கணக்கு: 2 சிலிண்டர், 2 சீட், 3 சக்கரம்.

---

எல்லாரும் சறுக்குவது எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேனில். சிலிண்டர் வெளியே தெரிந்தால்தான் 1930-கள் காலத்துத் தோற்றம் வரும் என்று ஃபேனையும் தகர உறையையும் கழற்றிவிடுகிறார்கள். 602 சிசி எஞ்சின் காற்றில் குளிர்வது. ஓடும்போது பிரச்சினை இல்லை, சிக்னலில் நின்றால் சூடு ஏறும். ஃபேனுக்குப் பின்னால் இருந்த ஆயில் கூலரை நேர்க்காற்று படும் இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பாயின்ட் பெட்டியும் ஃபேனுக்குப் பின்னால்தான். ஃபேன் போனதும் அதன் மேல் மழைநீர் நேராக அடிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது நல்லது. பாயின்டே வேண்டுமென்றால் இடைவெளி 0.4 மி.மீ., மூடியின் விளிம்பில் சீலன்ட். டாப்பெட் (வால்வு) இடைவெளி 0.20 மி.மீ., எஞ்சின் ஆறின பிறகு மட்டும்.

---

ஃபேன் இல்லாத எஞ்சினில் ஆயில் கசிந்தால் உடனே சீலைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஆயில் ஊற்றும் குழாயோடு இருக்கும் ப்ரீதரை (எஞ்சின் மூச்சுவிடும் வழியை) பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வால்வுதான் கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூட்டில்) லேசான வெற்றிடத்தைக் காக்கிறது. அது கிழிந்தால் அழுத்தம் ஏறி, புதுசாகப் போட்ட சீல் வழியாகவும் ஆயில் வரும்.

---

மூக்கு, வால் வளைவுகளுக்கு 1.2 மி.மீ. அரைக்கடின அலுமினியத் தகடு போதும். அப்படியே வளைத்தால் விளிம்பில் விரிசல் விடும். அதனால் முதலில் சூடு காட்டி மென்மையாக்க வேண்டும்: சோப்புக் கட்டியைத் தகட்டின் மேல் தேய்த்து, பின்புறமிருந்து கேஸ் டார்ச்சை நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். சோப்புக் கோடு கருத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். இரும்பு மாதிரி சிவக்கும் என்று காத்திருந்தால் தகடு ஓட்டையாகிவிடும். அலுமினியம் நிறம் காட்டாமலே உருகும். ஆறினதும் கையாலேயே வளையும். தட்டத் தட்ட மறுபடி இறுகும், அப்போது இன்னொரு முறை சோப்பு. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 துளை. இரும்புக் குழாயில் தகடு நேராகத் தொடக் கூடாது. குழாய்க்குப் பெயின்ட், நடுவில் ரப்பர் டேப். இல்லாவிட்டால் ஈரத்தில் வெள்ளைப் பொடி பூத்து ரிவெட் தளரும்.

---

ஒருவர் கேட்டது: பிரேக் ஆயில் என்ன சார்? வழக்கமான டாட் 4 ஊற்றலாமா?

---

டோனர் வண்டியை, அதாவது பாகங்களைக் கழற்றிய 2சிவியைப் பொறுத்தது. முன்னால் டிரம் என்றால் டாட். 2சிவியில் 1981-ல் டிஸ்க் வந்தது. அதற்குப் பச்சை நிற எல்ஹெச்எம் மினரல் ஆயில் மட்டும்தான். மாற்றி ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊறி உப்பி பிரேக் பிடித்துக்கொள்ளும். மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் எல்லாவற்றிலும் ரப்பர் மாற்ற வேண்டிவரும். இரண்டு வண்டிப் பாகங்களைக் கலந்து கட்டுபவர்கள் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியை நம்பாமல் ஒவ்வொரு சீலாகப் பாருங்கள். டிஸ்க் இரண்டும் கியர்பாக்ஸை ஒட்டி இருப்பதால், பாடியை மூடும் முன் பேட் எட்டுகிறதா என்று ஸ்பேனரை விட்டுப் பார்ப்பது உத்தமம்.

---

பாடி எடை குறைந்தால் வண்டி எம்பி நிற்கும். அப்படியே ஓட்டினால் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி ஜாயின்ட் தேயும். சஸ்பென்ஷன் ராடைத் திருகி உயரத்தை இறக்குங்கள், ஆட்களை உட்கார வைத்து அளந்து. கிங்பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சுக்கு) கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தை ஜாக்கில் தூக்கிவிடுங்கள். பாரம் நின்றால் கிரீஸ் உள்ளே ஏறாது.

---

ஒன்று விட்டுப்போச்சு. முன் சக்கரம் இரண்டும் பள்ளத்தை விட்டு விலகிப் போனாலும் நடுவில் வரும் பின் சக்கரம் சரியாக அதில்தான் இறங்கும். பின் ரிம்மை அடிக்கடி சுற்றிப் பாருங்கள்.