பஞ்சாபி எண்டால் இந்தியாவா பாகிஸ்தானா?

வெள்ளவத்தைக்காரி:
எங்கட ஒபிஸுக்குப் புதுசா ரெண்டு பேர் வந்திருக்கினம், ஒருத்தர் இந்தியாவில அமிர்தசரஸ், மற்றவர் பாகிஸ்தானில லாகூர். முதல் கிழமை முழுக்க இங்கிலிஷ்தான், நேற்று லஞ்ச் நேரம் பார்த்தா ரெண்டு பேரும் ஏதோ பாஷையில விழுந்து விழுந்து சிரிச்சுக் கதைக்கினம், கேட்டா பஞ்சாபியாம். பஞ்சாபி எண்டால் தலைப்பாகை கட்டின சீக்கிய ஆக்கள் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான், லாகூர்க்காரர் முஸ்லிம். பிறகு அவர் போனில வந்த மெசேஜ் ஒண்டைக் காட்ட மற்றவருக்கு ஒரு எழுத்தும் தெரியேல்ல, வாசிச்சுக் காட்டினாப் பிறகுதான் சிரிச்சவர். ஒரே பாஷை எண்டால் இது எப்பிடி?

கொட்டாஞ்சேனையான்:
தங்கச்சி, பஞ்ச் எண்டால் அஞ்சு, ஆப் எண்டால் தண்ணி, பாரசீகச் சொல். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ், இந்த அஞ்சு ஆறும் ஓடுற மண்தான் பஞ்சாப். ரஞ்சித் சிங் எண்ட சீக்கிய ராசா 1799ல லாகூரைப் பிடிச்சு அங்க இருந்துதான் ஆண்டவர், அப்ப அமிர்தசரஸும் அதே ராச்சியம். 1849ல வெள்ளைக்காரன் எடுத்தான், 1947ல போகேக்க இந்தியா, பாகிஸ்தான் எண்டு நடுவால கோடு கிழிச்சிட்டுப் போனான். ராட்கிளிஃப் எண்ட வக்கீல், அதுக்கு முதல் இந்தியாப் பக்கமே வராதவர், அஞ்சு கிழமையில கீறின கோடு, சுதந்திரம் கிடைச்சு ரெண்டு நாளுக்குப் பிறகுதான் வெளியிட்டவை. லட்சக்கணக்கில சனம் செத்தது, அதுக்கும் எத்தினையோ மடங்கு சனம் வீடு வாசலை விட்டிட்டு ஓடினது. ரெண்டு நகரத்துக்கும் இடையில ஒரு 50 கிலோமீட்டர்தான், நாங்கள் கொழும்பில இருந்து களுத்துறைக்குப் போற தூரத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்!

சரித்திரம்_படிச்சவன்:
எழுத்து விஷயம் சொல்லுறன். இந்தியப் பக்கம் குர்முகி, எங்கட எழுத்துப் போல பிராமியில இருந்து வந்தது. பாகிஸ்தான் பக்கம் ஷாமுகி, உருது மாதிரி வலமிருந்து இடம். பஞ்சாபி கதைக்கிற ஆக்கள் கூட இருக்கிறது பாகிஸ்தானிலதான், ஆனா அங்க பள்ளிக்கூடத்தில உருதுதான் முன்னுக்கு நிக்குது, எனக்கு அதுதான் பெரிய கவலை. இன்னொண்டு, பாபா ஃபரீத் எண்ட முஸ்லிம் சூஃபி பாடின பஞ்சாபிப் பாட்டுகள் சீக்கியரிட வேத நூலான குரு கிரந்த் சாஹிப்பிலயே இருக்கு, அவரிட தர்கா பாகிஸ்தானில பாக்பத்தனில. சீக்கிய மதத்தைத் தொடங்கின குரு நானக் 1469ல பிறந்த நன்கானா சாஹிப்பும் பாகிஸ்தானிலதான். அதால மதத்தை வைச்சு ஆர் பஞ்சாபி எண்டு பார்க்காதேங்கோ.

வெள்ளவத்தைக்காரி:
அண்ணாமார் ரெண்டு பேருக்கும் கன நன்றி. அமிர்தசரஸ்காரரிட்டக் கேட்டன், அவரிட அம்மம்மா லாகூரில பிறந்தவவாம், 47ல வந்தவ, சாகுமட்டும் திரும்பப் போகவே இல்லையாம். கேட்டிட்டு எனக்கு ஒண்டும் சொல்ல வரேல்ல. லாகூர்க்காரர் அந்தத் தெருப் பேரைக் கேட்டு எழுதி வைச்சிருக்கிறார், லீவில போகேக்க படம் எடுத்து அனுப்புறாராம். ஏப்ரலில அவையளுக்கு வைசாக்கித் திருவிழாவாம், எங்கட சித்திரை வருசப்பிறப்பு நேரம்தான். 1699ல கால்சா எண்ட சீக்கியர் அமைப்புத் தொடங்கினதும் 1919ல அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில வெள்ளைக்காரன் சனத்தைச் சுட்டதும் வைசாக்கி அண்டுதானாம், அமிர்தசரஸ்காரர்தான் சொன்னவர். அம்மாட்டச் சொல்லி அண்டைக்கு ரெண்டு பேருக்கும் சக்கரைப் பொங்கல் கொண்டு போகப்போறன்.