அண்டை நாடுகளின் கார்பன் கணக்கு: தரவு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான் நாடுகளின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தை ஒப்பிட்டு ஒரு சுவரொட்டி தயாரிக்கிறேன். மொத்த அளவை மட்டும் போட்டால், சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து 3-வதாக நிற்கும் இந்தியாவுக்கு முன்னால் மற்றவை கண்ணுக்கே தெரியாது. ஆனால் தலைக்குக் கணக்கிட்டால் நாமும் ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான், உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலோடு வாழும் பிள்ளைகளிடம் வெறும் சராசரியைக் காட்டவும் மனம் வரவில்லை. அப்புறம் பூடான்! காடுகள் உறிஞ்சுவதைக் கழித்தால் அதன் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, கழிக்காத பட்டியலோடு அதை எப்படிச் சேர்ப்பது? 1990 முதல் ஒரே முறையில் கணக்கிட்டு, காடு, நிலப் பயன்பாட்டைத் தனியாகப் பிரித்த தரவு எங்கே கிடைக்கும்? இறக்குமதிப் பொருட்களுக்கான வெளியேற்றத்தையும் சேர்த்த பட்டியல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.