ஒஸ்காரும் ஜாகுவாரும் ஒரே தொட்டியில: என்ன செய்யலாம்?

மூண்டாம்மாடி:
வணக்கம். வெள்ளவத்தையில மூண்டாம் மாடி பிளட்டில இருக்கிறம். 4 அடி மீன் தொட்டி, அகலமும் உயரமும் ஒண்டரை அடி. அதில ரெண்டு ஒஸ்கார் மீன், ஒரு ஜாகுவார் மீன். மூண்டையும் ரெண்டு இஞ்சிக் குஞ்சா ஒரே நாளில வாங்கினது. "ஒண்டா வளந்தா சண்டை பிடிக்காது" எண்டு சொல்லித்தான் கடையில தந்தவை. எட்டு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை.

இப்ப மூண்டு கிழமையா ஜாகுவார் முழுத் தொட்டியையும் பிடிச்சு வச்சிருக்கு. சின்ன ஒஸ்கார் பில்டர் குழாய்க்குப் பின்னால தலைகீழா நிக்குது. வால் செட்டை நூல் நூலாத் தொங்குது, மேல் சொண்டில வெள்ளையா ஒரு காயம். மகள் இறால் துண்டு பிடிச்சா பாய்ஞ்சு வந்து கையில வாங்கிற மீன். இப்ப அவள் கண்ணாடியில விரல் வச்சாலும் வருதில்லை. ஜாகுவாரை பொல்கொடை ஏரியில கொண்டுபோய் விடவோ, இல்லாட்டி 6 அடித் தொட்டி வாங்கினா ஒற்றுமையா இருக்குமோ?

பழையதொட்டி, கொட்டாஞ்சேனை:
தம்பி, பெரிய தொட்டியைப் பிறகு பாப்பம். இண்டைக்கு இரவுக்குள்ள அந்த ஒஸ்காரை வெளியில எடுங்கோ. நான் ஒரு நாள் பிந்தித்தான் என்ரயை இழந்தனான். லைட்டை நிப்பாட்டேக்க செட்டை மட்டுந்தான் கிழிஞ்சிருந்தது. விடியப் பாத்தா ஒரு கண் இல்லை. சரிஞ்சு கிடந்து செவுள் மட்டும் மெல்ல அசையுது. பத்து மணிக்கு அதுவும் நிண்டிட்டுது.

கடையில சொன்னது குஞ்சுக்குச் சரி. ஜாகுவார் மத்திய அமெரிக்க மீன், முட்டை விடுற வயசு வந்தா இடம் பிடிக்கும். அமேசன் ஒஸ்கார் உடம்பில பெருசெண்டாலும் அடி விழுந்தா ஒதுங்கிற சாதி. ஏரியில தோத்த மீன் நீந்திப் போயிடும். நாலு அடிக்குள்ள எங்க போறது?

60 லீற்றருக்குக் குறையாத பிளாஸ்ரிக் பெட்டி, பழைய தொட்டித் தண்ணி, காற்றுக் கல், பில்டர் பஞ்சில பாதி. மூடி கட்டாயம், ஒஸ்கார் பாயும். லீற்றருக்கு ஒரு கிராம் கல்லுப்பு. ஒவ்வொரு நாளும் மூண்டில ஒரு பங்கு தண்ணி மாத்துங்கோ; பைப் தண்ணியில குளோரின் இருக்கு, அதை முறிக்கிற தயோசல்பேற் மருந்து போடாமல் ஊத்தாதேங்கோ.

தெஹிவளைப்பொடியன்:
அண்ணை, 6 அடி, ரெண்டு அடி, ரெண்டு அடி எண்டா தண்ணி மட்டும் 680 லீற்றர். கண்ணாடி, ஸ்டாண்ட், கல்லோட 800 கிலோவைத் தாண்டும். மூண்டாம் மாடியில சிலாப் நடுவில வைக்கேலாது. பீம் எங்க ஓடுது எண்டு கட்டிடம் தெரிஞ்ச ஒராளிட்டக் கேளுங்கோ. அப்பிடி வச்சாலும் ஜாகுவார் தனியத்தான்.

பொல்கொடையில மட்டும் விட்டிடாதேங்கோ. எங்கட குளங்களில திலாப்பியா 1950களில கொண்டுவந்து விட்டது, இப்ப எங்க வலை போட்டாலும் அதுதான். ஜாகுவார் சின்ன மீனைத் தின்னி. அங்க இருக்கிற எங்கட ஊர்க் குஞ்சுகள் அதுக்கு இரை.

மூண்டாம்மாடி:
நேற்று ராத்திரியே எடுத்திட்டன். ஜாகுவாரைத் திருப்பி எடுக்கக் கடை ஒத்துக்கொண்டிட்டுது, சனிக்கிழமை கொண்டுபோறன். ஒஸ்கார் காலமை இறாலைத் தொடேல்லை, ஆனா மகள் பெட்டிக்குப் பக்கத்தில இருந்தோடன அவளின்ர பக்கம் திரும்பினது. ஐயா, செட்டை திரும்ப வளர எவ்வளவு நாள் போகும்?

பழையதொட்டி, கொட்டாஞ்சேனை:
வேர் மிஞ்சியிருந்தா ஒரு மாசத்துக்குள்ள நல்லா வரும். மூண்டு நாள் தின்னாட்டியும் பயப்பிடாதேங்கோ, மிஞ்சின இறாலை மட்டும் உடன அள்ளிப் போடுங்கோ.