கையால் செய்த லூருக்கு ஈயத்தாள் ஒட்டினால் உப்புத் தண்ணீரில் நிற்குமா?

உப்புவெளிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். வளவு வேலியில் நின்ற முள்முருக்கைத் தறித்தபோது மிஞ்சிய தடியில் லூர், அதாவது மீன் உருவில் பொய் இரை, செதுக்கத் தொடங்கினேன். சூடை மீன் பருமன். வயிற்றில் வலை ஈயம் வைத்து அடைத்தாயிற்று, லூரை ஆட வைக்க வாயடியில் நீட்டி நிற்கும் நாக்கு பழைய சீடியில் வெட்டியது. நீச்சலில் குறை இல்லை, இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு வடிவாக வருகிறது.

பிரச்சினை மினுக்கத்தில்தான். சில்வர் ஸ்பிரே அடித்தால் வெறும் சாம்பல் நிறம், மின்னவில்லை. அதனால் சமையலுக்குப் பாவிக்கும் ஈயத்தாளை, அதாவது அலுமினியத் தாளை, செருப்புக்கு செருப்புக்குப் பூசும் கொன்டாக்ட் பசையால் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினேன். மேசையில் வைத்துப் பார்க்கக் கடைச் சாமானுக்குக் குறைவில்லை. ஆனால் டச்சுக் குடாவில் ஒரு காலை எறிந்துவிட்டு வந்து பார்த்தால் விலாவில் கொப்புளம். தூண்டில் முள் கொழுவும் கம்பி வளையத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி. மூக்கிலும் வாலடியிலும் தாள் சுருங்கித்தான் உட்காருகிறது, எப்படி இழுத்து ஒட்டினாலும் அதே சுருக்கம்.

எந்தத் தாள், எந்தப் பசை, மேலே எந்தப் பூச்சு? சீலா மீனின் பல்லுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பிக்காமல் திருகோணமலை ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிற சாமானாகச் சொன்னால் புண்ணியம்.

நிலாவெளி ரொட்:

தம்பி, மீனுக்கு வேண்டியது ஆட்டம். மினுக்கம் வாங்குகிற ஆளுக்குத்தான். விடியக் கருக்கலில் பாரைக்கு நான் எறிவது முழுக் கறுப்பு லூர், மீன் வந்து அடிக்காத நாள் குறைவு. ஈயத்தாளோடு மல்லுக்கட்டுகிற நேரத்துக்கு இன்னும் இரண்டு லூர் செதுக்கலாம். இது என் கருத்து, கோபிக்க வேண்டாம்.

வள்ளத்தடி:

ரொட் சொல்வது கருக்கலுக்குச் சரி. வெயில் ஏறி, தண்ணீர் கண்ணாடியாய்க் கிடக்கும் ஒன்பது மணிக்கு அறுக்குளா மீனுக்கு எறிகிறவனிடம் கேட்டால் வேறு கதை சொல்வான்.

பொடியன், நான் பைபர் வள்ளம் திருத்துகிறவன், லூர் செய்வது மாலையில். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வியாதி.

கொப்புளம் மரத்திலிருந்து வருகிறது. முள்முருக்கு லேசான மரம், உள்ளே காற்று நிறைய. வெயிலில் சூடானதும் அந்தக் காற்று விரிந்து தாளைத் தூக்கும். கொன்டாக்ட் பசையின் ஈரம் பறக்கமுன் தாளை மூடினாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் அலுமினியத்தினூடாக ஆவி வெளியேறாது. ஆகவே முதலில் மரத்தின் வாயை அடையுங்கள். வளையத்துக்கான ஓட்டை, நாக்குக்கான வெட்டு எல்லாம் முடித்தபிறகு சாண்டிங் சீலர் இரண்டு மூன்று தரம், ஓட்டைக்குள்ளும் இறங்கும்படி. காய்ந்ததும் 400ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால் தேயுங்கள். விரலால் தடவும்போது மர நார் தட்டுப்பட்டால் இன்னொரு தரம் பூச வேண்டும். அந்த நார் தாளுக்கு மேலேயும் அப்படியே தெரியும்.

வெள்ளைப் பொடி அலுமினியம் அரிபட்டு வருவது. எவர்சில்வர் கம்பியும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் கரையும். வள்ளத்தின் வெளி எஞ்சினின் காலில் சிங்க் கட்டி பூட்டுவது எதற்கு? அது கரைந்து அலுமினியக் காலைக் காப்பாற்றட்டும் என்றுதான். உங்கள் லூரில் சிங்க் இல்லை, தாளே சிங்க்கின் வேலையைப் பார்க்கிறது. தாளை வளையத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்னமே நிறுத்தி, அந்த இடைவெளியை எப்பொக்சிப் பசையால் நிரப்புங்கள். நாக்கு நுழையும் வெட்டுக்கும் இதே வைத்தியம்.

சுருக்கத்துக்கு வருவோம், கை வேலை இங்கேதான். சமையல் தாள் ஒரு மில்லிமீற்றரில் அறுபதில் ஒரு பங்குதான் இருக்கும், நகம் பட்டாலே கிழியும். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் அலுமினிய டேப்பை வாங்குங்கள். அதைவிடத் தடிப்பு, பசையும் கூடவே வருகிறது. கடையில் சில்வர் நிறத்தில் பிளாஸ்டிக் டேப்பையும் அதே விலைக்குத் தருவார்கள். ஒரு மூலையை மடித்துப் பாருங்கள். மடித்தது மடித்தபடி கிடந்தால் அலுமினியம், நிமிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முழு உடம்பையும் ஒரே தாளால் மூட நினைத்தால் சுருங்காமல் விடாது. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளைந்த மேற்பரப்பில் தட்டைத் தாள் படியாது. விலாவுக்கு ஒன்றாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரு கடதாசியில் லூரின் உருவத்தை வரைந்து, சுற்றிவரக் கொஞ்சம் கூட்டி வெட்டினால் அளவு வந்துவிடும். பின்பக்கக் கடதாசியை உரிக்கமுன் செதில் போடவேண்டும்: தாளை ஒரு தட்டை அரத்தின் மேல் வைத்து, மேலே அழிறப்பர் வைத்து அழுத்திக்கொண்டே போங்கள், பிறகு தாளைக் குறுக்கே திருப்பி இன்னொரு தரம். சின்னச் சின்னக் கட்டமாக விழும். யன்னலுக்கு அடிக்கிற நுளம்புக் கம்பிவலையிலும் செய்யலாம், ஆனால் அரத்தின் கோடு கூர்மையானது. அழகுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. வழுவழுப்பான அலுமினியத்தில் எப்பொக்சிக்குப் பிடிமானம் குறைவு, கோடு விழுந்தால் பிடித்துக்கொள்ளும். சின்னச் சுருக்கமும் அந்தக் கோடுகளுக்குள் மறைந்துபோகும்.

ஒட்டும்போது விலாவின் நடுவில் தொடங்குங்கள், அங்கிருந்து முதுகுக்கும் வயிற்றுக்கும். ஐஸ்கிரீம் குச்சியின் முனையை உருட்டையாகத் தேய்த்து வைத்திருக்கிறேன், அதுதான் என் ஆயுதம். மூக்கிலும் வாலடியிலும் தாளின் ஓரத்தில் சின்ன முக்கோணமாக வெட்டி எடுத்துவிட்டு மடியுங்கள், மிஞ்சுவதற்கு இடம் இல்லாவிட்டால் சுருக்கமும் இல்லை. இரண்டு துண்டும் சந்திக்கும் கோடு முதுகிலும் வயிற்றிலும் வரும். முதுகில் கரும்பச்சை, வயிற்றில் வெள்ளை, கோடு தெரியாது. நிறம் அடிக்கமுன் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள், விரல் எண்ணெய் போகட்டும்.

மேல் பூச்சுக்கு வார்னிஷ் சீலாவின் பல்லுக்குப் போதாது. வள்ளத்துக்குப் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசினும் வேண்டாம், அது அலுமினியத்தைக் கவ்வாது, ஒரு நாள் ஓடாகக் கழன்று வரும். இரண்டு பாகம் கலக்கிற எப்பொக்சிதான். ஐந்து நிமிட எப்பொக்சி தூரிகையை எடுக்கமுன் இறுகும், கெதியில் மஞ்சளாகும். முப்பது நிமிடத்துக்குக் குறையாமல் வேலை நேரம் தருவதாகப் பாருங்கள். பூசியபின் லூரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வயிற்றில் வடிந்து தொங்கும். பழைய மைக்ரோவேவின் தட்டுச் சுற்றும் மோட்டரைப் பலர் பாவிக்கிறார்கள். வேகம் சரிதான், ஆனால் அநேகமானவை நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவை. மின்வேலை தெரியாவிட்டால் தொட வேண்டாம், பாட்டுக் கேட்டுக்கொண்டே கையால் திருப்புங்கள்.

இன்னொன்று, மாரியில் எப்பொக்சி பூசாதீர்கள். காற்றின் ஈரத்தில் மேலே பால் பூத்து எண்ணெய்ப்பசை நிற்கும். கச்சான் வீசுகிற மாதங்கள் நல்லது, ஆனால் புழுதி வரும். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடுங்கள்.

கிண்ணியா நானா:

ஸலாம். வள்ளத்தடி சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விஷயம் கூட்டுகிறேன்.

கொட்டியாரக் குடாவில் மாவலி கங்கையின் வெள்ளம் இறங்கும் மாதங்களில் தண்ணீர் கலங்கி நிற்கும். அப்போது வெள்ளி மினுக்கத்தை விட மஞ்சள் மினுக்கம் எனக்குக் கை கொடுத்திருக்கிறது, முக்கியமாகக் கொடுவா மீனுக்கு. அதற்குத் தனியாகப் பொன் நிறத் தாள் தேட வேண்டாம். அலுமினியத்துக்கு மேலே, கண்ணாடியில் படம் வரைகிற மஞ்சள் வர்ணத்தை மெல்லிசாகப் பூசினால் போதும். உள்ளிருந்து ஒளி ஊடுருவிப் பொன்னாகத் தெரியும்.

முழு விலாவும் மூடத்தான் வேண்டும் என்றும் இல்லை. விலாவின் நடுவே ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு மட்டும் ஒட்டினால் லூர் உருளும்போது விட்டு விட்டு மின்னும். அடிபட்ட மீன் அப்படித்தான் மின்னுகிறது. அகலம் குறைந்தால் சுருக்கமும் குறையும்.

கடைச் சாமான் என்று எழுதியிருந்தீர்கள். பேர்போன ரபாலா கம்பனி லூரின் தொடக்கமே உங்கள் மேசையில் நடப்பதுதான். பின்லாந்தில் லாவுரி ரபாலா 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சொக்லேட்டும் சீஸும் சுற்றி வந்த ஈயத்தாளை ஒட்டி, படச்சுருளின் நெகட்டிவை உருக்கி மேலே பூசினாராம். அவர் மீன் பிடித்தது நன்னீர் ஏரியில், உப்புத் தொல்லை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

உப்புவெளிப் பொடியன்:

வள்ளத்தடி அண்ணா, நானா, இரண்டு பேருக்கும் நன்றி. ரொட் அண்ணா, கறுப்பும் ஒன்று செய்கிறேன்.

டேப் கிடைத்தது, மடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அரத்தில் அழுத்த, செதில் நினைத்ததை விட வடிவாக விழுகிறது. ஒரு சந்தேகம்: செவுளுக்கு மேலே சிவப்பும் கண்ணுக்குக் கறுப்பும் பேர்மனன்ட் மார்க்கரால் போட்டுவிட்டு நேரே எப்பொக்சி பூசலாமா? பிறகு, புறாத்தீவுப் பக்கம் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு கூட்டாளி கூப்பிடுகிறான்.

வள்ளத்தடி:

நேரே பூசினால் மார்க்கர் மை எப்பொக்சியில் கரைந்து ஓடும், மீன் அழுதது மாதிரிக் கண்ணிலிருந்து கோடு இறங்கும். மார்க்கர் வேண்டாம், அக்ரிலிக் வர்ணத்தைத் தீக்குச்சி முனையால் தொட்டு வையுங்கள், ஒரு இரவு காயட்டும். எப்பொக்சியை மெல்லிசாக இரண்டு தரம் பூசுங்கள், தடிப்பாக ஒரே தரம் பூசினால் நீச்சல் கெடும்.

புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடத் தடை. கூட்டாளியை உப்புவெளிக் கரைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். மறக்காமல் எறிந்து முடிந்ததும் லூரை நல்ல தண்ணீரில் கழுவி, பல் பட்ட இடம் இருந்தால் அன்றைக்கே ஒரு துளி எப்பொக்சி வையுங்கள். ஓட்டை ஊசி முனை அளவாக இருந்தாலும் உப்பு அதனூடாகத் தாளுக்கு அடியில் போய்விடும்.