மறு: ஃபால்ஸ் கலர் படங்களுக்கு ‘போலி நிறம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோ, ஒன்றுபோலத் தெரியும் ஒளிகளுக்கோ வேறு நிறங்களை ஒதுக்கிக் காட்டும் வானியல் படங்களைத்தான் ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ் கலர்’ படங்கள் என்கிறோம். அவற்றுக்குத் தமிழில் ‘போலி நிறம்’ என்ற சொல் வேண்டாம் என்று நான் எழுதியதற்கு வந்த மறுப்பு இது:

> ‘போலி நிறம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். இலக்கணத்தில் போலி என்றால் பொய் அல்ல, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருவது. ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா சொல்வது இலக்கணப்படி முழுக்கச் சரி. அறம் என்பது அறன் ஆனால் கடைப்போலி, பொருள் மாறுவதில்லை. ஆனால் எங்கள் தண்டையார்பேட்டையில் போலி என்றதும் நினைவுக்கு வருவது போலி டாக்டரும் போலிப் பத்திரமும்தான்.

பிப்ரவரியில் திருவொற்றியூர் கடற்கரையில் தொலைநோக்கி வைத்து ஓரியன் நெபுலாவை (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகம்) காட்டினோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, “சாம்பலாத்தானே இருக்கு? போன்ல ரோஸா இருக்கே?” என்றான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் கூம்பு செல்கள் வேலை செய்யாது, அப்போது பார்க்க உதவும் கோல் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது என்று நான் தொடங்குவதற்குள் அவன் அண்ணன், “அதெல்லாம் டூப்புடா, கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறாங்க” என்று முடித்துவிட்டான். படத்துக்குக் கீழே நாமே ‘போலி நிறம்’ என்று அச்சடித்தால், அவன் சொன்னது சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். ஆங்கிலத்திலும் இதே தொல்லைதான். அதனால்தான் மக்களிடம் வானியலைக் கொண்டுசெல்பவர்கள் பலர் ‘ரெப்ரசென்டேட்டிவ் கலர்’ (ஒன்றைக் குறிக்கும் நிறம்) என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் படங்களில் பொய் எதுவும் இல்லை. 1995ல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படத்தையே பாருங்கள். ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது, கந்தகம் 672ல். நம் கண்ணுக்கு இரண்டுமே சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். கண் கலந்து பார்ப்பதைப் பிரித்துக் காட்டும் வேலை அது.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் ஒரு அண்ணன். அவர் படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறது, கடலுக்குள் ஒலியை அனுப்பித் திரும்பும் எதிரொலியைத் திரையில் காட்டும் கருவி அது. அடியிலிருந்து எதிரொலி பலமாக வந்தால் திரையில் சிவப்பு, மெலிந்து வந்தால் நீலம். நெபுலா படத்தைக் காட்டி நிறம் ஒதுக்கும் கதையைச் சொன்னேன். அவர் அசரவே இல்லை. “கானாங்கத்த மீன் கூட்டம் கெட்டியா வந்தா எக்கோல செவப்பாத்தான் காட்டும். அதுக்குன்னு கானாங்கத்த செவப்பாவா கீது? தரை கெட்டியா இருந்தாலும் செவப்புதான். எது எதுன்னு பாத்துப் பழகணும், அவ்ளோதான்.” நான் அரை மணி நேரம் பேசியும் பிள்ளைகளுக்கு விளங்காததை நாலே வரியில் சொல்லிவிட்டார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். போலி நிறத்துக்குப் பதிலாக ‘புனைநிறம்’ என்று வைத்தால் காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் புனைகதை உடனே ஒட்டிக்கொள்கிறது. நான் முதலில் எழுதிய ‘குறிநிறம்’ என்பதை நானே திரும்பப் பெறுகிறேன். அன்று கடற்கரையில் ஒரு பாட்டி தொலைநோக்கியைப் பார்த்து, “நட்சத்திரம் பாத்து குறி சொல்றீங்களாப்பா?” என்று கேட்டார். வானியலுக்கும் சோதிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வதற்கே பாதி மாலை போகிறது. அதில் இதையும் சேர்க்க வேண்டாம்.

என் முன்மொழிவு: சுட்டுநிறம்.

சுட்டிய, சுட்டுகின்ற, சுட்டும் நிறம் என்று வினைத்தொகையாக விரியும். சுட்டெழுத்தும் சுட்டுவிரலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. ‘போலி’ என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘சுட்டு’ என்றால் “எதைச் சுட்டுது?” என்று அடுத்த கேள்வி தானாக வரும். வானியலாளர் பதில் சொல்ல விரும்புவதும் அந்தக் கேள்விக்குத்தான்.

> சுட்டது என்றால் சென்னையில் திருடியது அல்லவா?

தோழி கேட்டது நியாயம். தனியாக நின்றால் அப்படித்தான் கேட்கும். ஆனால் ‘நிறம்’ சேர்ந்த பிறகு, நான் சொல்லிப் பார்த்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு இந்த ஒரு சொல் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் நீண்ட அலைகளுக்குச் சிவப்பு, குறுகியவற்றுக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நகர்த்துகிறார்கள். 2019ல் வெளியான எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்தில் இருப்பதோ 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை மட்டும், ஆரஞ்சு நிறம் அதன் செறிவைத்தான் காட்டுகிறது. இவற்றுக்கு உட்பிரிவுகள் தேவை. ஆனால் தலைச்சொல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மாற வேண்டியது விளக்கம்தான். மாணவருக்கு அலைநீளம், காசிமேட்டில் எக்கோ, மற்றவர்களுக்கு மழைக்காலத்தில் நாம் எல்லோரும் போனில் பார்க்கும் வானிலை ராடார் படம். ராஜாஜி சாலையில் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளைப் பந்துபோல் இருக்கிறதே, அந்த ராடாரின் படத்தில் சிவப்பு வந்தால் மேகம் சிவந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை, குடையைத்தான் தேடுகிறார்கள்.

அப்புறம், படத்தின் ஓரத்தில் எந்த நிறம் எதற்கு என்று தரும் சின்னப் பட்டியலுக்கு ‘நிறச்சுட்டி’ என்று வைத்தால் இரண்டும் ஜோடியாக நிற்கும். அது இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியிடக்கூடாது என்பது என் கருத்து.

பள்ளிக் கண்காட்சிக்கான பலகைகள் ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகின்றன. போன முறை நானே ‘போலி நிறம்’ என்று எழுதியிருந்த நான்கு பலகைகளையும் மாற்றுகிறேன். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.