அசீரியாவை எங்கே சேர்ப்பது?

கேள்வி: கிறிஸ்தவ செவ்வியல் முறையில் (லத்தீன், பழைய நூல்கள் வழியே கற்பிப்பது) மகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். 10 வயது. வேதாகமத்துக்கு ஒரு நோட்டு, பண்டைய நாகரிகங்களுக்கு ஒரு நோட்டு. "அப்போ இது கதை, அது வரலாறா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில் 1: ஒரே நோட்டாக்கிவிடுங்கள். அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்த கி.மு. 701-இல் தொடங்குங்கள். 2 இராஜாக்கள் 18-ஐயும் சனகெரிப் தன் படையெடுப்பைப் பொறித்துவைத்த களிமண் பட்டகத்தில் உள்ளதையும் அருகருகே வைத்து நாங்கள் படித்தோம். யூதாவின் ராஜா எசேக்கியா கட்டிய கப்பத்தில் பொன் இரண்டிலும் 30 தாலந்து (அந்தக் கால எடை அளவு). வெள்ளி மட்டும் வேதத்தில் 300, அசீரியக் கணக்கில் 800! "ராஜா பீற்றிக்கொள்கிறான்" என்றான் என் மகன். (எனக்கும் அதே சந்தேகம்தான்.) எருசலேமைப் பிடித்ததாக மட்டும் சனகெரிப் எழுதவே இல்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்பதோடு சரி.

பதில் 2: சனகெரிப் பிடித்த யூதா நகரமான லாகீஸின் முற்றுகைச் சிற்பங்களையும் காட்டுங்கள். நினிவே அரண்மனையில் இருந்தவை, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில். முதலில் படம், அப்புறம் வாசிப்பு.

கேட்டவர்: இன்று செய்து பார்த்தோம். வெள்ளிக் கணக்கிலேயே அரைமணி நேரம் போய்விட்டது. லத்தீன் பாடம் அம்போ.